கட்டடத்தையும் இடத்தையும் சிற்பமாகவும் ஓவியமாகவும் ஆக்கும் இன்றைய கலைஞர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்? ஏன்?

டோ ஹோ சூ. கேள்வியைப் பார்த்ததும் வேறு பெயர் எதுவும் மனசில் வரவில்லை.

கொரியாவில், சியோல் நகரத்தில் 1962-இல் பிறந்தவர். 1991-இல் அமெரிக்கா போனார். இப்போது லண்டனில் இருக்கிறார். தான் குடியிருந்த வீடுகளை ஊடு தெரியும் மெல்லிய துணியில், அசல் அளவிலேயே தைத்துத் தொங்கவிடுகிறவர் என்றுதான் எங்கேயும் அவரை அறிமுகப்படுத்துவார்கள். துணியைத் தைப்பதற்கு முன்னால் அவர் செய்கிற வேலைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சுவர் சுவராக, தாழ்ப்பாள் தாழ்ப்பாளாக உட்கார்ந்து அளவெடுக்கிறார்.

நானும் அளவெடுக்கிறவள். சிவில் டிப்ளமா முடித்து, சென்னையில் ஆறு வருஷம் டிராப்ட்ஸ்மேன் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு லண்டன். இங்கே வாடகைக்கு விடப்போகும் வீடுகளை அளந்து பிளான் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு வீடு. கலை படித்தவர்கள் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது, அளவெடுக்கிறவளுக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

அவருடைய வேலையை நான் முதலில் பார்த்தது 2018-இல். லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துப் பக்கம் வார்ம்வுட் தெருவின் குறுக்கே ஒரு கான்கிரீட் நடைபாலம் உண்டு. ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்தால், அந்தப் பாலத்தின் மேலே ஒரு வீடு! வளைந்த கூரை, மரத் தூண்கள், சுற்றிலும் மூங்கில் செடிகள். நேராகக்கூட உட்காரவில்லை, காற்றில் பறந்து வந்து ஒரு மூலை இடித்து நின்ற மாதிரி சாய்ந்து கிடந்தது. பின்னால் முழுக்கக் கண்ணாடிக் கோபுரங்கள். அது கொரிய வீடு என்றெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. 'யாருடைய வீடோ பாவம், இங்கே வந்து மாட்டிக்கொண்டதே' என்றுதான் தோன்றியது. அன்றைக்கு ராத்திரி தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த வீடு அவர் வளர்ந்த வீட்டின் சாயல். அவருடைய அப்பா சூ சே-ஓக் பேர்பெற்ற மைத்தூரிகை ஓவியர். 1970-களில், சியோல் முழுக்கப் பழைய வீடுகளை இடித்துக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்த மனிதர் பழைய முறையில் ஒரு மரவீடு கட்டினார். கொரியர்கள் இந்த வகை வீட்டை ஹனோக் என்கிறார்கள். சாங்டொக்குங் அரண்மனைத் தோட்டத்துக்குள் 1828-இல் ஒரு ராஜா, குடிமக்கள் வீட்டுச் சாயலில் ஒரு வீடு கட்டி வைத்திருந்தார். அதை மாதிரியாக வைத்துக் கட்டியது. ராஜா சாதாரண வீட்டைப் பார்த்துக் கட்டினார், ஓவியர் ராஜாவின் வீட்டைப் பார்த்துக் கட்டினார், மகன் அப்பாவின் வீட்டைப் பார்த்துத் துணியில் தைக்கிறார். இந்தச் சங்கிலியை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

ஹனோக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் மரத்தை மரத்தில் செருகிப் பொருத்துகிறார்கள். அதனால் முழு வீட்டையும் பிரித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்த முடியும். கொரியத் தச்சர்கள் இதை 'வீட்டை நடக்க வைப்பது' என்பார்களாம். இன்னொன்று, அங்கே வீட்டின் அளவு தூணுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள வெளியைக் கொண்டு சொல்லப்படுகிறது. அந்த இடைவெளிக்குப் பெயர் 'கான்'. நாம் ஏழு கண் பாலம், ஒன்பது கண் மதகு என்று சொல்கிறோமே, அந்தக் 'கண்' போலத்தான். ஒலி ஒத்திருப்பது தற்செயல். இரண்டு ஊர்க்காரர்களும் கட்டின கல்லையும் மரத்தையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள வெற்றிடத்தை எண்ணியிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

சூ நியூயார்க் வந்த புதிதில் அவர் குடியிருந்த அறைக்குப் பக்கத்தில் தீயணைப்பு நிலையம். ராத்திரியெல்லாம் சைரன், தூக்கமே இல்லை. கடைசியாக எங்கே நிம்மதியாகத் தூங்கினோம் என்று யோசித்திருக்கிறார். சியோல் வீட்டில். அந்த வீட்டை மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துவர முடியுமா என்ற எண்ணம் அங்கே பிறந்தது. ஊருக்குப் போய், அந்த வீட்டின் ஒவ்வொரு இடுக்கையும் அளந்து, கொரியாவின் மரபு உடை தைக்கிற பெண்களிடம் தையல் நுணுக்கம் கற்று, இளம்பச்சைப் பட்டில் முழு வீட்டையும் தைத்தார். 1999-இல் லாஸ் ஏஞ்சலிஸில் காட்சிக்கு வந்தது. கூரையிலிருந்து தொங்கும். தரையில் நிற்கிற நீங்கள் அடியிலிருந்து வீட்டை அண்ணாந்து பார்ப்பீர்கள். எந்த ஊரில் காட்டுகிறாரோ அந்த ஊர்ப் பெயரும் அதன் தலைப்பில் சேர்ந்துகொள்ளும். சியோல் வீடு, லாஸ் ஏஞ்சலிஸ் வீடு, நியூயார்க் வீடு, பால்டிமோர் வீடு, லண்டன் வீடு, சியாட்டில் வீடு என்று தலைப்பு நீண்டுகொண்டே போனது, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுகிற மாதிரி.

தமிழில் இதை விளக்குவது சுலபம். டெய்லரும் அளவெடுக்கிறார், கொத்தனாரும் அளவெடுக்கிறார், நமக்கு இரண்டுக்கும் ஒரே வார்த்தை. சூவுக்கும் இரண்டும் ஒன்றுதான். உடம்புக்கு ஒட்டி நிற்கிற மிகச் சின்ன வீடு உடை, உடை பெரிதாகிக்கொண்டே போனால் வீடு.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். அவருடைய துணி வீடுகளின் புகைப்படம் எல்லார் போனிலும் இருக்கிறது. தாளில் அவர் செய்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

2009-லிருந்து சிங்கப்பூரில், எஸ்.டி.பி.ஐ. என்ற அச்சுக்கலை நிலையத்தில் தங்கி, நூலால் படம் வரையும் ஒரு முறையை உருவாக்கினார். ஜெலட்டினால் ஆன மெல்லிய ஏட்டின் மேல் தையல் மிஷினால் கோடு தைப்பது முதல் வேலை. அதை அப்போதுதான் வார்த்த ஈரத் தாளின் மேல் பரப்புகிறார்கள். தண்ணீர் பட்டதும் ஜெலட்டின் கரைந்து போகும், நூல் மட்டும் தாள்கூழுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். கரைகிற அந்த நொடியில் நூல் சுருங்கும், நெளியும், தான் நினைத்த இடத்துக்கு நகரும். நேராகத் தைத்த சுவர்க்கோடு கொஞ்சம் கோணிக்கொள்ளும். அறுந்த நுனிகள் வேர் மாதிரி தொங்கும். பதினைந்து வருஷமாகக் கோணாத கோடு போட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தக் கோணல்களைப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது. அந்தக் கோடுகளுக்கு உயிர் இருக்கிறது.

அடுத்தது தேய்ப்புப் படிகள். சின்ன வயதில் நோட்டுத் தாளுக்கு அடியில் பத்துப் பைசா நாணயத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் வரவழைத்திருப்போம் இல்லையா? அதேதான். கோயில் சுவரில் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மை ஒற்றிக் கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிறார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேலை. சூ அதை ஒரு முழு வீட்டுக்கும் செய்தார். நியூயார்க்கில் மேற்கு 22-ஆம் தெருவில், 348-ஆம் எண் கட்டடத்தில் 1997 முதல் 2016 வரை அவர் குடியிருந்தார். அந்த இடத்தை விட்டுப் போகவேண்டி வந்தபோது, உள்ளே இருந்த சுவர், கதவு, அலமாரி, குளியல் தொட்டி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வெள்ளைத் தாளால் மூடி, வண்ணப் பென்சிலால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து எடுத்தார். அந்தத் தொடருக்கு 'ரப்பிங், லவிங்' என்று பெயர். தேய்த்தல், நேசித்தல். கொரிய எழுத்தில் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் எழுதினால் ஒன்றுபோலத்தான் வரும். ரகரத்துக்கும் லகரத்துக்கும் அங்கே ஒரே எழுத்து, ஆங்கில b-க்கும் v-க்கும் அப்படியே. நாம் இரக்கப்படுகிற பாவத்தையும் முகத்தில் காட்டுகிற பாவத்தையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோமே, அப்படி.

இதே முறையை 2012-இல் குவாங்ஜூ நகரத்திலும் செய்தார். 1980 மே மாதம் ராணுவ ஆட்சியை எதிர்த்து எழுந்த மக்களைச் சுட்டுக்கொன்ற ஊர் அது. செய்தித்தாள்களில் தணிக்கை, அதனால் நாட்டின் மற்ற பகுதிகளில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியவில்லை. அங்கே ஒரு பழைய தியேட்டர் ஊழியர் குடியிருப்பு அறையைச் சூவும் உதவியாளர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு தேய்த்துப் படியெடுத்தார்கள். பார்க்க விடாமல் செய்த ஒன்றைக் கையால் தடவித் தெரிந்துகொள்வது. இதற்கு மேல் அதைப் பற்றி விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது என் கதை.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தாத்தா வீடு. ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு. 2019-இல் மாமாக்கள் விற்றுவிட்டார்கள். தப்புச் சொல்ல முடியாது, அங்கே குடியிருக்க யாரும் இல்லை. வாங்கினவர் இடிக்கப் போகிறார் என்று அம்மா போனில் சொன்னாள். மே மாதம் லீவு போட்டுப் போனேன். லேசர் மீட்டரை லண்டனிலேயே வைத்துவிட்டு, வேண்டுமென்றே பழைய முப்பது மீட்டர் டேப்பும் ஒரு கட்டுத் தாளும் ஆறாம் நம்பர் பென்சில்களும் எடுத்துக்கொண்டேன். டேப்புக்கு இன்னொரு ஆள் வேண்டும், அம்மா பிடித்தாள்.

"எதுக்குடி இது? இடிக்கப்போற வீட்டுக்கு யாராவது பிளான் போடுவாளா?"

"நீ சும்மா நுனியைப் பிடிம்மா."

அரை மணி நேரத்தில் அவளுக்கே பிடித்துப்போனது. "ரேழி வாசப்படி விட்டுட்ட பாரு" என்று என்னைத் திருத்த ஆரம்பித்தாள். நிலைவாசல் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். தாத்தா நல்ல உயரம், வாழ்க்கை முழுக்க அந்த இடத்தில் குனிந்தே வந்திருக்கிறார். ரேழியிலிருந்து கூடத்துக்கு ஏறும் படி எட்டரை அங்குலம், மற்ற படிகளைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் கூட. எங்கள் எல்லாருக்கும் அந்தப் படியில் மட்டும் கால் தானாகக் கொஞ்சம் அதிகம் தூக்கும். அளந்து பார்க்கும்வரை அதற்குக் காரணம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

கூடத்துச் சுவரில் விளக்கு மாடம். அடிமட்டம் தரையிலிருந்து மூன்றடி ஐந்து அங்குலம். நோட்டில் எழுதிவிட்டுத் தப்பாக அளந்துவிட்டோமோ என்று மறுபடி அளந்தேன். அதே மூன்றடி ஐந்து. பக்கத்து வீட்டு மாடம் நாலரை அடியில் இருந்தது எனக்கு ஞாபகம்.

"ஏம்மா இவ்ளோ கீழ வெச்சிருக்கு?"

"உங்க பாட்டி குள்ளம்டி. அவங்க கை எட்டணும்னு தாத்தா கொத்தனார்ட்ட நின்னு சொல்லிக் கட்டினது."

பாட்டியை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பதினொரு வயதில் போய்விட்டாள். ஒரே ஒரு போட்டோ, அதுவும் உட்கார்ந்திருக்கிற போட்டோ. அவள் நின்றால் எவ்வளவு உயரம் என்று எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை. அந்த மாடத்தின் முன்னால் நின்று என் கையை அந்த உயரத்தில் வைத்துப் பார்த்தேன். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கை வந்து நின்ற இடம் அது.

அப்புறம் தேய்க்க உட்கார்ந்தோம். கிணற்றடிக் கல்லில் கயிறு அறுத்த தடங்கள் அழகாக வந்தன, மூன்று பள்ளம், நடுப்பள்ளம் ஆழம். கூடத்துத் தூணில் யாரோ ஆணியால் கீறின ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்து வந்தது. கூடத்துச் சுவிட்சுப் பலகையின் நாலு கறுப்புக் குமிழும் வந்தன. மாடம் மட்டும் வரவில்லை. அறுபது வருஷத்து எண்ணெய் சுவருக்குள் ஊறியிருந்தது. தாளை வைத்ததும் குடித்துவிட்டது. தாள் கண்ணாடி மாதிரி ஆனது, பென்சில் வழுக்கியது. விரலெல்லாம் புகைக்கரி. நாலு தாள் வீணானது, ஐந்தாவதை அப்படியே எடுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் இடித்தார்கள். தூண்களையும் கதவுகளையும் பழைய மரம் வாங்குகிற வியாபாரி முதலிலேயே பேசி முடித்திருந்தார். தேக்குத் தூண் ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம், உத்தரம் இன்னொரு பக்கம். கொரியத் தச்சர்கள் சொல்கிற மாதிரி முழு வீடாக அது எங்கேயும் நடந்து போகவில்லை. எந்த ரிசார்ட் வாசலில் எங்கள் தூண் நிற்கிறதோ!

2025 மே முதல் அக்டோபர் வரை லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சூவின் பெரிய கண்காட்சி நடந்தது. 'வீட்டை நடக்க வை' என்ற அந்தத் தச்சர் வாக்கியம்தான் அதன் பெயர். இரண்டு முறை போனேன். சியோல் வீட்டைக் கொரியத் தாளால் முழுக்கப் போர்த்தி, பென்சில் கரியால் தேய்த்தெடுத்து, அந்தத் தாளைக் கொண்டே மறுபடி நிறுத்தியிருந்தார். 2013-இல் தொடங்கி 2022 வரை நடந்த வேலை. ஓட்டு விளிம்பு, மர நரம்பு, கதவுக் கம்பி வளையம் எல்லாம் சாம்பல் நிறத்தில். துணி வீட்டின் பளபளப்பு இதில் இல்லை, சாம்பலும் பழுப்புமாகப் பாம்புச் சட்டை மாதிரி நிற்கிறது. அவருடைய எல்லா வேலைகளிலும் இதுதான் உயர்ந்தது என்பது என் கருத்து.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது இன்னொரு அறையில். அவருடைய இப்போதைய லண்டன் வீட்டை வெள்ளைத் துணியில் வெறும் கூடாக நிறுத்தியிருக்கிறார். அதன் சுவர்களில், இதுவரை சியோல், பிராவிடன்ஸ், நியூயார்க், பெர்லின், லண்டன் என்று அவர் இருந்த வீடுகளின் சுவிட்சு, கதவுக் கைப்பிடி, பிளக் பாயின்ட், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தைத்துப் பொருத்தியிருக்கிறார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். ஒவ்வொன்றும் அதனதன் பழைய வீட்டில் இருந்த அதே உயரத்தில். ஒரே சுவரில் ஒரு சுவிட்சு கீழே, அதற்கு ஒரு சாண் மேலே வேறு நிறத்தில் இன்னொன்று, பக்கத்தில் ஒரு கைப்பிடி. நூலால் தைத்த ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூவின் தலையில் திருப்புளி வைக்கிற பள்ளம்கூட ஒரு தையல்.

சுற்றி நின்றவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள், நான் உயரத்தைப் பார்த்தேன். இங்கிலாந்தில் புது வீட்டில் சுவிட்சும் பிளக்கும் தரையிலிருந்து 450 முதல் 1200 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தினமும் நான் சரிபார்க்கிற எண்கள். லண்டன் வந்த முதல் வருஷம் இருட்டில் என் கை ஊர் உயரத்திலேயே தேடும், சுவிட்சு கீழே இருக்கும். குளியலறையில் சுவிட்சே இருக்காது, மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதற்குப் பழக எட்டு மாதம் ஆனது. இப்போது ஊருக்குப் போனால் அம்மா வீட்டுக் குளியலறையில் என் கை காற்றில் கயிறு தேடுகிறது. கண்ணுக்கு மறந்து போகிற வீடு கைக்கு மறப்பதில்லை. சூ அதைத் தைத்து வைத்திருக்கிறார். அந்த அறையில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற காவலர் அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவரிடம் டிஷ்யூ வாங்கிய முதல் ஆள் நான் இல்லை போலிருந்தது.

குறை என்று ஒன்று எனக்கு உண்டு. வரிசையாகக் கோர்த்த வண்ண வண்ண அறைகளுக்குள் மக்கள் புகுந்து நடக்கிற மாதிரி அவர் செய்யும் வேலைகள் மிக அழகு, ஆனால் அந்த அழகே தடையாகிவிடுகிறது. எல்லாரும் போட்டோவுக்கு நிற்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடி விளிம்பில் ஒரு குட்டி வீட்டைத் தொற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி 2012-இல் வைத்திருக்கிறார். உள்ளே தரையும் சாய்வு, போனவர்களுக்குத் தலைசுற்றுகிறதாம். அதை நேரில் பார்க்க எனக்கு ஆசைதான். இருந்தாலும் அந்தரத்தில் நிற்கிற வீட்டைவிட, ஒரு நூல் ஸ்க்ரூ என்னிடம் அதிகம் பேசுகிறது.

இவரைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு, முடிந்தால் நூல் ஓவியங்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். சிங்கப்பூரில் இருக்கிற தமிழர்களுக்கு, அது உங்கள் ஊரில் பிறந்த வேலை.

என் தாள் சுருள் தாம்பரத்தில் அண்ணன் ஃபிளாட்டில், அம்மாவின் பீரோ மேல் இருக்கிறது. போன டிசம்பரில் போனபோது எடுத்துப் பிரித்தோம். மாடத்துத் தாளைச் சுற்றித்தான் மற்றதையெல்லாம் சுருட்டியிருந்தேன். எண்ணெய் ஆறு வருஷமாக மெதுவாக நகர்ந்து ஒவ்வொரு தாளாகக் கடந்து போயிருக்கிறது. சுவிட்சுப் பலகைத் தாளில் மாடத்தின் வளைவு, தூண் தாளில் அதே வளைவு கொஞ்சம் மங்கலாக, கிணற்றடித் தாளில் இன்னும் மங்கலாக. அம்மா ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கடைசித் தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், "நல்லெண்ணெ" என்றாள்.